வெளிச்சமாச்சா?

அபையாங் தீவு,
புதன்கிழமை.

அன்புள்ள பெரேத்தி அண்ணனுக்கு,

தங்கை கத்தரீனா எழுதுவது. கப்பலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பௌரோவை அதில் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தம்பி சூரை மீன் பிடிக்க எஞ்சின் படகில் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தேடப் போன விமானமும் திரும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தெபக்காரோ பெரியப்பா சொந்தக்காரர்களை ஊர்க்கூடத்தில் கூட்டினார். பௌரோவுக்கு இறுதித் திருப்பலி வைத்துவிடலாம் என்கிறார். மூத்தவன் நீ சரி என்றால்தான் நடக்குமாம். உன் சம்மதம் கேட்டு எழுதச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன். இனி எழுதுவது என் சொந்தக் கதை.

நம் வீட்டில் இரண்டு சோலார் விளக்குகள் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ சிங்கப்பூரில் வாங்கி அனுப்பிய சிவப்பு நகச்சாயம் முழுவதையும் என் மகள் தெரேசியா அந்த விளக்குக் கண்ணாடிகளில் பூசிவிட்டாள். பக்கத்து வீட்டு விளக்கோடு மாறிப்போகக் கூடாதாம்! முதுகில் இரண்டு வைத்தேன். பௌரோதான் சிரித்துக்கொண்டே, "விடுக்கா, எனக்கு இதான் புடிச்சிருக்கு" என்று ஒன்றைப் படகுக்கு எடுத்துக்கொண்டு போனான். மற்றதை இவள் தினமும் வெயிலில் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் கடற்பக்கத் தென்னையில் கட்டுகிறாள்.

கூட்டத்தன்றும் கட்டிவிட்டுத்தான் வந்தாள். பெரியப்பா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "மாமா இனிமே வர மாட்டாம்மா. வெளிச்சமாச்சா?" என்று கேட்டார். வெளிச்சத்துக்கும் விளங்குவதற்கும் நம் பாஷையில் ஒரே சொல்தானே, குழந்தை என்ன செய்வாள்? "ஓ, ஆச்சே தாத்தா! இப்பத்தான் ஏத்திட்டு வர்றேன்" என்றாள். கூடமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அந்தப் பேச்சை மறுபடி எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. "வெளிச்சம் எவ்ளோ தூரம் போகும்மா? நடுவுல அது களைச்சிப் போகாதா?" எனக்கு என்ன தெரியும்! ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. நேற்று பொழுது சாயும்போது பாறைத்திட்டைத் தாண்டி இரவல் படகு ஒன்றை ஓட்டிக்கொண்டு போனேன். வீடுகள் மறைந்தன, தென்னைகள் மறைந்தன. கரையே இல்லை என்று நினைத்தபோது ஒரு சிவப்புப் புள்ளி. அலை தூக்கினால் தெரிகிறது, இறக்கினால் போகிறது, மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் வந்தது. படகிலேயே அழுதுவிட்டேன் அண்ணா.

நம் விளக்கு அவன் கண்ணுக்கு எட்டாது. எனக்கும் தெரியும். ஆனால் அவன் கையிலும் ஒன்று இருக்கிறதே. மழை பெய்கிறது, மீன் கிடைக்கிறது, வெயிலுக்கு அங்கே பஞ்சமா?

பெரியப்பாவுக்கு என்ன பதில் எழுத வேண்டுமோ, அதை உன் மனப்படி எழுது. எழுத அவசரப்படாதே. இரவுக் காவலில் நிற்கும்போது தண்ணீர்ப் பக்கமும் பார். சிவப்பாக ஏதாவது தெரிந்தால், வேறு கப்பலின் இடப்பக்க விளக்கு என்று விட்டுவிடாதே. மறைந்துவிட்டால் உடனே திரும்பிவிடாமல் கொஞ்சம் நில். அது மறுபடி வரும்.

கடல் உன்னிடம் பிரியமாக இருக்கட்டும். அவனிடமும்.

உன் தங்கை,
கத்தரீனா

தெரேசியா தோளில் தொங்கிக்கொண்டு, அவள் சொல்வதையும் எழுதச் சொல்கிறாள்: "பெரிய மாமா, அங்க வெளிச்சமாச்சா?"