வலையைத் தின்றவை

நாள் 212, காலை 06:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் அமலோற்பவம், சிலந்தி வகைப்பாட்டாளர். இந்த நிலவில் நானும் இயந்திரப் பொறுப்பாளர் சுடலைமுத்துவும் மட்டுமே. இங்குள்ள சிலந்திகள் ஆட்டுக்குட்டி அளவு. இரண்டு இனமாகப் பதிவு செய்திருக்கிறேன். வலைபின்னி: அசையாது, ஆபத்தில்லை, நிலையத்துக்குள் கூண்டில்லாத அறையில் வளர்க்கிறோம். ஓடுவேட்டை: வலை கிடையாது, துரத்திக் கொல்லும், வெளியே திரிகிறது. பூமியிலும் வலை பின்னிய முன்னோரின் வழியில்தான் வலையைக் கைவிட்ட வேட்டைக்காரர்கள் பலர் வந்தார்கள். அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

தாய்க்கப்பலில் பள்ளி நடத்தும் என் தங்கை செசிலி கேட்டாள் என்று போன மாதம் சில வலைபின்னிகளை அனுப்பினேன். கூண்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

நாள் 213, காலை 09:40
ஓடுவேட்டைகள் சுவரைக் கிழித்து உள்ளே புகுந்துவிட்டன. ஒன்று சுடலையின் இடது கையை மணிக்கட்டோடு கடித்து எடுத்தது. அவர் வெல்டிங் தீயை அதன் வாய்க்குள் செருகினார், அதன் தலை வெடித்தது. வானொலியில் கேட்டார்: “டாக்டரம்மா, கை போச்சு. எங்க போயி ஒளிய?” வலைபின்னி அறைக்குப் போகச் சொன்னேன்.

09:58
அந்த அறையிலிருந்து சுடலை: “ஒண்ணு தோல உரிக்கி. வலையத் திங்கி.” பிறகு, “டாக்டரம்மா, எறங்குது.” எலும்பு நொறுங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வானொலியை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

11:20
ஓடுவேட்டை ஒன்றைக் கோடாரியால் கொன்றேன். ஆறு கால் போயும் வந்தது. வயிற்றைப் பிளந்த பிறகே நின்றது. உள்ளே வலைபின்னியின் நூல்சுரப்பிகள், வற்றிச் சுருங்கி. இரண்டும் ஒரே இனம். குட்டியில் வலை, கடைசித் தோலுரிப்புக்குப் பின் வேட்டை. ஓடுவேட்டையின் குட்டி ஒன்றுகூட ஏன் சிக்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. முதிராத உயிரை வைத்து இனப்பெயர் சூட்டாதீர்கள் என்று மாணவர்களைத் திட்டியவள் நான். தூ.

12:05
கதவு வளைகிறது. அலைபரப்பி நொறுங்கிவிட்டது, கேட்க மட்டும் முடிகிறது. செசிலி பேசுகிறாள்: “அக்கா, ஒன் சிலந்தி எல்லாம் வலையத் தின்னுட்டு தோல உரிக்குது. பாக்கட்டும்னு பிள்ளைகள எல்லாம் கூட்டியாந்து பக்கத்துல உக்கார வச்சிருக்கேன்.”

உடைந்த கருவியில் கத்துகிறேன். அவளுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

12:07
சிரிப்பு நின்றுவி