தொகை மட்டும் தெரியும்

காரைக்கால்
12-1-2025

அன்பு நானாவுக்கு மெஹர் பானுவின் ஸலாம்.

போட்டிக் கம்பெனி ஆட்களோடு போனிலும் மெயிலிலும் பேசக்கூடாது என்று உங்கள் ஆபீஸில் சட்டமாம். அந்தப் போட்டிக் கம்பெனி உங்கள் சொந்தத் தங்கைதான் என்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வீட்டுப் பேச்சைப் போனில் வைத்துக்கொள்வோம், என் கம்பெனிப் பேச்சு தாளில். துபாய் திரும்பும் அலாவுதீன் மாமாவிடம் இறால் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் என்னைத் திட்டாதீர்கள், மூடியைச் சரியாகப் போடாதது உங்கள் மனைவி.

கம்பெனிக்கு ‘கைமேல்’ என்று பெயர் வைத்துவிட்டோம். வளைகுடாவில் இருக்கிறவர்கள் கார்டு வாங்கி மனைவி கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவள் இங்கே கடையில் தேய்த்தால் நூற்றுக்கு மூன்று ரூபாயை நடுவில் உங்கள் கார்டு கம்பெனி ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் கடைக்கு வந்து சேர நாளாகிறது. எங்களுடையதில் கணவனின் துபாய்க் கணக்கிலிருந்து காரைக்கால் கடைக்கு நேராக, அந்த நிமிஷமே பணம் வந்துவிடும். நாங்கள் எடுப்பது நூற்றுக்குக் காலே அரைக்கால், அரை ரூபாய்கூட இல்லை. விழிதியூர் கீர்த்திகா இருக்கிறாளே, என்னோடு காலேஜில் படித்தவள், மென்பொருள் முழுக்க அவள் எழுதியது.

ஒரு வங்கி நோன்புப் பெருநாள் வரை சோதனைக்கு விட்டிருக்கிறது. அதற்குள் ஆள் சேர்ந்தால் நிரந்தரம். சேராவிட்டால் கைமேலுக்குப் பூட்டுதான். மூன்று வருஷ உழைப்பு, நானா. நீங்கள் கார்டு விற்கிறவர் என்பதால் கோபமா? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை
மெஹர்

துபாய்
2-2-2025

அன்புள்ள எதிரிக்கு,

ஊறுகாய் கிடைத்தது. கடிதத்தை விட அது நன்றாக இருந்தது.

நான் இங்கே கடை கடையாக ஏறி இறங்கி ‘கார்டு மிஷின் வையுங்கள் பாய்’ என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குக் குழி பறிக்கிறாய். வாப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து வேடிக்கை பார்த்திருப்பார்.

கோபமில்லை. கொஞ்சம் பயம் உண்டு. உனக்கா எனக்கா என்று கேட்காதே.

ஆபீஸ் விதிகளை இரண்டு தரம் படித்துவிட்டேன். போட்டிக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்லக்கூடாது என்றுதான் இருக்கிறது. பெண்டாட்டிக்குத் துணி வாங்கித் தரக்கூடாது என்று எங்கேயும் இல்லை. அதனால் கைமேலில் நானும் சேர்ந்துவிட்டேன். நோன்பு பிறந்ததும் நஜீபாவைக் கடைக்கு அழைத்துப் போ. எதிரி என்று பார்க்காமல் நல்ல துணியாக எடுத்துக் கொடு.

நானா
இக்பால்

காரைக்கால்
9-3-2025

நானா, ஸலாம்.

குடி முழுகிவிட்டது. முழுக்கியவர்களில் நீங்களும் ஒருவர்.

முதல் நாள் அமீர் நிஷா லாத்தாவின் ஜவுளிக்கடையில் கூட்டம் தாங்கவில்லை. பணம் உடனே வந்து விழுவதைப் பார்த்து லாத்தா என் கன்னத்தைக் கிள்ளினார்கள். மறுநாள்தான் வினை. எடுக்கிற ஒவ்வொரு துணியும் விலையோடு கணவனின் போனில் அப்போதே தெரியும்படி செய்திருந்தோம். அதுதான் எங்கள் பெருமையே, கார்டில் இல்லாத வசதி என்று நோட்டீஸில்கூடப் போட்டிருந்தோம். குவைத், கத்தார், மஸ்கட் என்று எல்லா ஊரிலிருந்தும் கடைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. ‘பச்சைதான் ஏற்கெனவே இருக்கே?’ ‘யாருக்கு அந்தச் சின்ன சட்டை?’ ‘உங்க அக்கா வீட்டுக்கா?’

நஜீபா மச்சி கல்லாவில் நிற்கும்போது உங்கள் போன் வந்தது. ஸ்பீக்கரில் இருந்தது. ‘ஒரே மாதிரி மூணு துப்பட்டா எதுக்கு நஜீபா?’ என்று நீங்கள் கேட்டதைக் கடை முழுக்கக் கேட்டது. மச்சி போனைப் பையில் போட்டார்கள், பையிலிருந்து உங்கள் கம்பெனி கார்டை எடுத்தார்கள், தேய்த்தார்கள், போய்விட்டார்கள். பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கார்டை எடுத்தார்கள். ‘கார்டே தேவலாம்மா, மாசக் கடைசியிலதான் தெரியும்’ என்று ஒருத்தி எனக்கே புத்தி சொன்னாள்.

எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, கீர்த்திகாவுக்கும் ஆகவில்லை. இதெல்லாம் எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வங்கியிலிருந்து ஏன் இப்படி இறங்கிவிட்டது என்று கேட்டுவிட்டார்கள். பெருநாளுக்கு அதிக நாளில்லை. அழுகையாக வருகிறது, நானா.

மெஹர்

துபாய்
15-3-2025

மெஹருக்கு,

அழாதே. நோன்பு வைத்துக்கொண்டு அழுதால் தாகமெடுக்கும்.

நான் உனக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. ஆகவே கீழே வருவது ஆலோசனை அல்ல, ஒரு கணவனின் புலம்பல்.

நஜீபா என்னோடு பேசி ஒரு வாரமாகிறது. தினமும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அவள்தான் போன் செய்து எழுப்புவாள், இப்போது அலாரம் எழுப்புகிறது. அதற்கு அவள் குரல் இல்லை. கார்டு இருந்தவரை மாதக் கடைசியில் ஒரு தொகை வரும். பெருமூச்சு விடுவேன், கட்டுவேன், முடிந்தது. அவள் என்ன வாங்கினாள் என்று தெரியாமலே நாங்கள் பத்து வருஷம் சந்தோஷமாக இருந்தோம். நீ வந்து எனக்குத் துப்பட்டாவைக் காட்டிவிட்டாய்.

உண்மையைச் சொல்லவா? துப்பட்டா எனக்குப் பொருட்டே இல்லை. அவள் இந்த நிமிஷம் அந்தக் கடையில் நிற்கிறாள் என்று திரையில் தெரிந்தது. நானும் பக்கத்தில் நின்று, இது வேண்டாம் அது எடு என்று சொல்ல வேண்டும் போல ஆசை வந்துவிட்டது. போனை எடுத்தேன். வாயைத் திறந்தால் அதட்டல்தான் வந்தது. தூரத்தில் இருக்கிறவனுக்கு ஆசையை எப்படிச் சொல்வது என்று மறந்துபோகிறது, மெஹர்.

புலம்பல் முடிந்தது. இதை என் ஆபீஸில் யாரும் ஆலோசனை என்று சொல்லமாட்டார்கள்.

இக்பால்

காரைக்கால்
3-4-2025

அன்பு நானாவுக்கு,

பெருநாள் முபாரக்!

உங்கள் புலம்பலைக் கீர்த்திகாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்த வாரமே மாற்றிவிட்டோம். இப்போது கைமேலில் கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவாக ஒரு பை. கணவன் மாதம் பிறந்ததும் பணத்தைப் போட்டுவிட வேண்டியது. அதிலிருந்து யார் செலவழித்தாலும் மற்றவருக்குத் தொகை மட்டும் தெரியும். எந்தக் கடை, என்ன பொருள், எதுவும் தெரியாது. நீங்களும் அந்தப் பையிலிருந்து செலவழிக்கலாம், மச்சியாலும் கண்டுபிடிக்க முடியாது. நியாயம் இரண்டு பக்கமும் வேண்டுமல்லவா?

மச்சியைத்தான் முதலில் கெஞ்சிக் கூட்டிவந்தேன். ஏதோ வாங்கினார்கள். கடையிலிருந்தே உங்களுக்குப் போன் போட்டு ‘நான் இப்ப என்ன வாங்குனேன், சொல்லுங்க பாப்போம்’ என்றார்கள். நீங்கள் திருதிருவென்று விழித்திருப்பீர்கள். மச்சி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே பேச்சு பரவி, கத்தாரில் புருஷன் இருக்கிற கருக்களாச்சேரிப் பெண்கள் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள்.

பெருநாள் முடிந்த மறுநாள் வங்கி கையெழுத்துப் போட்டுவிட்டது. இனி நிரந்தரம்!

ஆனால் பேப்பரில் என் பெயர், படம் எல்லாம் வந்துவிட்டது. அது உங்கள் ஆபீஸ் வரைக்கும் வருமா? சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்திலும்தான்.

மெஹர்

துபாய்
19-4-2025

என் அருமை எதிரிக்கு,

வந்தது. பேப்பரும் வந்தது, உன் படமும் வந்தது. படத்தில் தலையை ஒழுங்காக வாரியிருக்கலாம்.

மேலாளர் கூப்பிட்டு, காரைக்காலில் கைமேல் என்று ஒன்று முளைத்திருக்கிறது, நீ அந்த ஊர்க்காரன், அதை மடக்க ஒரு திட்டம் எழுதிக் கொடு, பதவி உயர்வு தருகிறோம் என்றார். நல்ல மனுஷர், நல்ல சம்பளம்தான் சொன்னார். அது என் தங்கையுடையது என்றேன். அவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. பிறகு டீ வரவழைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தியாகம் என்று நினைத்து அழுது வைக்காதே. எந்தக் கடைக்காரர் எப்படிப் பேசினால் மசிவார் என்று எனக்குத் தெரியும். ஜெயிக்கிற பக்கம் தாவுகிறேன், அவ்வளவுதான். இதையே என் வேலை விண்ணப்பமாக வைத்துக்கொள். சம்பளத்தை நேரில் வந்து சண்டை போட்டுப் பேசிக்கொள்கிறேன்.

காரைக்கால் மதார் சாகிப் டிராவல்ஸில் சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு வழி டிக்கெட். அதற்கான பணத்தை எங்கள் பொதுப் பையிலிருந்துதான் கட்டினேன். நேற்றிலிருந்து நஜீபா விடாமல் போன் செய்கிறாள். ‘இம்புட்டு ரூவாய்க்கு அப்படி என்னதான் வாங்குனீங்க?’ என்று கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை.

ஊருக்கு வரும் அஜ்மீர் இதை உன் கையில்தான் கொடுப்பான். படித்ததும் ஒளித்து வை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் வாசலில் வந்து நிற்பேன். அதற்குள் நஜீபா உன்னிடம் வந்து கேட்பாள், பார். கம்பெனிக்காரியாக நீ சொல்ல வேண்டிய பதிலைச் சொல்: தொகை மட்டும்தான் தெரியும்.

உன் நானா
இக்பால்