வெள்ளிக்கொடியும் கறுப்புக் கயிறும்

அப்பா,

இன்று காலை திருப்போரூர் கோயில் வாசலில் ஒருவர் கறுப்புக் கயிறுகளைத் தோளில் கொத்தாகத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். புதுக் கயிற்றுக்கு ஒரு சாய வாசனை உண்டு. அது மூக்கில் ஏறியதும் செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அப்போது உன் வலது கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் உன்னுடையது. பிரேக்கை மிதித்ததே தெரியவில்லை என்று ஒரு நாள் நீயே சொன்னாய். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். இரண்டு முறை தனியாகப் போய், இரண்டு முறையும் எடுக்காமல் திரும்பினாய். ஒரு தடவை கரண்ட் இல்லை என்றாய். அடுத்த தடவை கூட்டம் என்றாய்.

"லாரிங்க நடுவுல பூந்து வண்டி ஓட்ற ஆளு, ஒரு மெஷினுக்குப் பயந்துகினு ஓடியாந்துக்கீறாரு" என்று அம்மா சிரித்தாள். நீ மறுக்கவில்லை. நம் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான் என்பதால் விளக்கும் வேலை எனக்கு வந்தது. போனில் அந்த மெஷினின் வீடியோவைக் காட்டினேன். வலிக்காது என்றேன். "சரி பாப்பா" என்று முழுக்கப் பார்த்தாய்.

மூன்றாம் முறை நானும் வந்தேன். உள்ளேயிருந்து வந்த பெண், "பெரியவரே, வாட்சு, மோதிரம், இடுப்புல வெள்ளிக்கொடி இருந்தா அது, எல்லாம் கழட்டிடணும்" என்றாள். உன் கை சட்டைக்கு மேலாகவே இடுப்புக்குப் போனது. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்துவிட்டாய். நானும் பின்னால் வந்தேன்.

டீயைக் குடிக்காமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னாய்: "எங்க நைனா செத்தன்னிக்குதான் அவரு அர்ணாக்கொடிய அறுத்தாங்க. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். உசுரோட கீறவனுக்கு யாராச்சும் அத எடுப்பாங்களா?"

உன் கொடியின் கொக்கி இறுகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்குச் சட்டென்று பேச்சு வராது, உனக்கே தெரியும். உன் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, "இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது, அவ்ளோதானேப்பா?" என்றேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாய்.

பக்கத்துக் கடையில் கறுப்புக் கயிறு வாங்கினேன். நூல் கயிறு இருக்கலாமா என்று ஸ்கேன் சென்டருக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உலோகம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றாள். நீ திரைக்குப் பின்னால் போய், "முடிச்சு வுழ மாட்டேங்குது, பாப்பா" என்று கூப்பிட்டாய். நீ ஜன்னலைப் பார்க்க, நான் சுவரைப் பார்க்க, முடிச்சுப் போட்டுவிட்டேன். கயிறு ஏறிய பிறகுதான் அட்டெண்டரைக் குறடோடு உள்ளே விட்டாய்.

"வயித்த எக்கு பெருசு, தொப்பையும் சேந்து வந்துடப்போவுது" என்றார் அவர். நீ சிரித்துவிட்டாய்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் உன் முதல் பேச்சு: "இன்னா சத்தம்! நம்ம வேனு எவ்ளோவோ தேவல."

நரம்பு அழுந்தியிருந்தது தெரிந்தது. மருந்திலும் பயிற்சியிலும் கால் தேறி மறுபடி வண்டி எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை மாமல்லபுரத்துக்குக்கூட ஓட்டிப்போனாய். போன வருஷம், தூக்கத்திலேயே போய்விட்டாய்.

இப்போது அம்மாவுக்குக் கண்புரை. ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் எந்த வீடியோவும் காட்டவில்லை. நேற்று அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "எத நெனச்சிம்மா பயம்?" என்று கேட்டேன். நானும் அவளோடு சேர்ந்து ஆயத் தொடங்கினேன். பாதிக் கட்டு முடிந்த பிறகு சொன்னாள்.

"கண்ண அறுத்துட்டா பொகைகிட்டவே போவக் கூடாதாம். உங்கப்பா படத்துக்கு யாருடி வெளக்கு ஏத்துவா?"

"நான் ஏத்துறேம்மா."

"திரிய நல்லா முறுக்கணும். உனுக்கு வராது."

"கத்துக்குடு."

நேற்று மாலையே கற்றுக்கொடுத்துவிட்டாள். என் திரி கோணலாகத்தான் எரிகிறது, அப்பா. பொறுத்துக்கொள். திங்கட்கிழமை அம்மாவை அழைத்துப் போகிறேன்.