ஒஸ்வால்டுக்கு வழி சொல்லும் பெட்டி

ஜூன் 15, ஞாயிறு

பெட்டி பேசிவிட்டது!

பூசைக்குப் போய் வந்து, இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறை மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். "இடது பக்கம் திருப்புங்க" என்றது. என் குரல்தான். இவ்வளவு அதட்டலாகவா நான் கதைக்கிறேன்? ஒஸ்வால்ட் முப்பது வருஷம் பொறுத்ததே பெரிய காரியம்.

உள்ளங்கை அளவு கணினிப் பலகை ஒன்று, செய்மதியைப் பிடித்து இடம் சொல்லும் ஜிபிஎஸ் துண்டு, சின்னத் திரை, கழித்துப் போட்ட கார் ஸ்பீக்கர். அவ்வளவுதான். பஞ்சிகாவத்தையில் பத்தொன்பது வருஷம் கார் செட் பழுது பார்க்கிறவளுக்கு வயரும் ஈயமும் ஒரு பொருட்டில்லை. வரைபடத்தை அதற்குள் ஏற்றி, சந்திக்குச் சந்தி என் குரலைக் கோர்த்ததுதான் உயிரை எடுத்தது. இரண்டு மாதம்.

போனிலேயே மேப் இருக்கே என்று கடையில் சிரிக்கிறார்கள். போன் இன்றைக்கு ஒரு வழி சொல்லும், நெரிசலைப் பார்த்து நாளைக்கு இன்னொரு வழி சொல்லும். ஒஸ்வால்டுக்கு ஒரே வழி வேண்டும். தினமும் அதே சந்தி, அதே சொல். ஏன் என்று கடையில் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். என் புருஷனுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது. ஏப்ரலில் டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைகள ஏத்துற வான இனி ஓட்ட விடாதீங்க." அதையே அவர் எழுதித் தந்த துண்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. பள்ளிக்கூட வானில் எட்டுப் பிள்ளைகள். நாளைக் காலையும் ஏற்றுவார்.

ஏப்ரல் லீவில் வான் ஓட்டாத ஒஸ்வால்டைப் பார்த்தேனே. கதிரையில் உட்கார்ந்தபடி சேர்ட் பொத்தானைப் போடுவார், கழற்றுவார். திரும்பப் போடுவார். வானை எடுத்துவிட்டால் மனுஷன் அப்படியே கரைந்துவிடுவார். அதுதான் பெட்டி செய்தேன். பாவமா? தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரி இறங்க, பலகை செத்துச் செத்து எழும்புகிறது. அதற்குத் தனியாக ஒரு சின்னப் பற்றரி போட்டேன். சரி.

அன்டனா வைக்க டேஷ்போர்டில் இருந்த அந்தோனியார் சிலையை நகர்த்தினேன். வந்ததே கோபம்! "அவர எடுத்துட்டு உன்ர டப்பாவ வைக்கிறியா?" என்றார். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். அவர் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருந்தால் நான் ஏன் ஈயம் உருக்குகிறேன்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கிழமை முழுக்க வழி தவறவில்லை. மட்டக்குளியில் மூன்று பேர், கிராண்ட்பாஸில் இரண்டு பேர், கொட்டாஞ்சேனையில் மூன்று பேர். பிறகு கோட்டை, காலிமுகத்திடல், வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம். மே மாதம் நடுச் சந்தியில் வானை நிறுத்திவிட்டு "எந்தப் பக்கம் பிள்ளைகள்?" என்று கேட்டவர். பகிடி என்று நினைத்து அதுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் காட்டினவாம்.

இன்றைக்குச் சோறு இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

ஏதோ பிழை.

வான் போன பாதையைப் பெட்டி பத்துச் செக்கனுக்கு ஒரு தரம் குறித்துவைக்கும். சோதிக்கத்தான் அப்படி வைத்தேன். மெமரி கார்டைக் கழற்றிக் கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். மட்டக்குளியில் பிள்ளைகளை ஏற்றிய பிறகு கிராண்ட்பாஸுக்கு வர வேண்டிய கோடு, முகத்துவாரத்துக்குள் ஓர் ஒடுங்கின ஒழுங்கையில் நுழைந்து நிற்கிறது. காலை 6.05. நாலு நிமிஷம். பிறகு திரும்பி வருகிறது. அந்த ஒழுங்கையில் எங்கள் வானுக்குப் பிள்ளை இல்லை.

நேற்றும் அதேதான். முந்தின கிழமையும் பெட்டி குறித்த நாளெல்லாம் அதேதான்.

ஜூன் 26, வியாழன்

அன்டனாவை மாற்றினேன். ஈயப் பற்றுகளை எல்லாம் திரும்ப உருக்கி ஒட்டினேன். பெட்டியை வீட்டு மொட்டை மாடியில் வைத்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன், அது எங்கள் மாடியை விட்டு அசையவில்லை. வானில் ஏறினால் மட்டும் முகத்துவாரம் போகிறது.

அவரிடம் கேட்டேன். "முகத்துவாரமா? நான் என்னத்துக்கு அங்க போறன்? உன்ர டப்பாவுக்குப் பைத்தியம்" என்றார். கண்ணில் பொய் இல்லை. பெட்டியில் பிழையும் இல்லை.

அங்கே யாரும் இருக்கிறாளா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். சீ! அறுபது வயதில், மூன்று பிள்ளைகளை வானில் வைத்துக்கொண்டா?

ஜூன் 29, ஞாயிறு

அந்த ஒழுங்கை வாசலுக்கென்று புதுசாகக் குரல் பதிந்தேன். "இதுக்குள்ள போக வேணாம். நேர போங்க." இரண்டாவது தரம் இன்னும் உரக்க: "சொல்றது கேட்குதா? நேர போங்க!"

ஜூலை 2, புதன்

அனுஷியா எனக்குப் போன் எடுத்தாள். மட்டக்குளி, கவிஷ்காவின் அம்மா. பிள்ளைக்கு ஆறு வயது.

"ஆன்ட்டி, ஒஸ்வால்ட் அங்கிள் மெஷினோட சண்டை பிடிக்கிறாராம். 'வாயப் பொத்து மேபல், பிள்ள காத்துக்கொண்டு நிப்பான்' எண்டு ஏசினாராம். எந்தப் பிள்ள ஆன்ட்டி?"

"அது ஸ்பீக்கர் பிழை மகள். நான் திருத்துறன்" என்றேன்.

"அங்கிளுக்குச் சுகம்தானே?"

"ஓம் ஓம், நல்ல சுகம்."

எவ்வளவு லேசாக வந்தது அந்த ஓம். போனை வைத்தேன். வானுக்குள் போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்குப் பதினொரு நிமிஷம்.

நாலு நிமிஷம் என்றால் ஹோன் அடித்துவிட்டுக் காத்திருக்கலாம். பதினொரு நிமிஷம் என்றால் இறங்கியிருக்கிறார். பிள்ளைகளை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். கடவுளே, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? திங்கட்கிழமை நேரே போய்ப் பார்க்கப் போகிறேன்.

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கே எழுதி முடிக்க வேண்டும். எழுத்துக் கோணினால் கோணட்டும்.

அவர் வானை எடுத்ததும் நான் ஆட்டோ பிடித்து முகத்துவாரத்துக்குப் போனேன். அந்த ஒழுங்கை கடற்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. மீன் பெட்டி அடுக்கியிருந்த ஒரு மதிலோடு நின்றேன். சரியாக 6.05க்கு வான் வந்தது. பச்சைக் கேற் போட்ட வீட்டு முன்னால் நின்று ஹோன் அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நீட்டு. கொட்டாஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் அது ஒஸ்வால்டின் ஹோன் என்பார்கள்.

யாரும் வரவில்லை. இறங்கினார். எஞ்சின் ஓடுகிறது, திறப்பு பூட்டிலேயே, மூன்று பிள்ளைகள் உள்ளே. கேற்றைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

போய்க் கூப்பிடுவமா, கொஞ்சம் பொறுப்பமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நின்றேனே, மூதேவி! அதற்குள் கவிஷ்கா முன் சீட்டுக்குத் தாவிவிட்டாள். அங்கிளைப் போல ஹோன் அடித்துப் பார்க்க ஆசை. குட்டை, குட்டை. பிறகு ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்தி, கீழே இறக்கி விளையாடினாள். வான் ஒரு முழம் நகர்ந்தது. பிறகு இன்னொரு முழம்.

எப்படி ஓடினேன் தெரியாது. செருப்பு ஒன்று அங்கேயே கிடந்திருக்கிறது. கதவைத் திறந்து, பிள்ளையின் மேலாக விழுந்து, பிரேக்கை இழுத்து, திறப்பைப் பிடுங்கினேன். பின்னால் இருந்த இரண்டும் சிரிக்கின்றன. கவிஷ்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். கீழே பத்தடியில் கல்லுக் கட்டு, அதற்கு அப்பால் கடல்.

ஒஸ்வால்ட் வெளியே வந்தார். "மேபல்? நீ என்ன இஞ்ச? ரொஷான் இன்னும் வெளிக்கிடல்ல. இவனுக்கு ஒவ்வொரு நாளும் பிந்துது."

அவருக்குப் பின்னால் வந்த பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். ரொஷானின் தாய். "அக்கா, மகன் டோஹா போய் மூணு வருஷம். ஒஸ்வால்ட் அய்யாதான் அவன முதல் முதல் பள்ளிக்கூடம் ஏத்திக்கொண்டு போனது. ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறார். நான் சொல்லுவன், 'ஆ, அப்படியா' எண்டு போயிடுவார். அடுத்த நாள் திரும்ப வருவார். அவற்ற முகத்தப் பாக்க எனக்கு ஏச மனம் வரல்ல."

வழியைச் சொல்லப் பெட்டி செய்தேன். எந்த வருஷத்துப் பிள்ளையை ஏற்றப் போகிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

இன்னொரு பள்ளிக்கூட வான் ஓட்டும் பேர்னாட்டைப் போனில் கூப்பிட்டேன். அவன் தன் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளையும் நெருக்கி ஏற்றிக்கொண்டு போனான். திறப்பு என் சட்டைக்குள் இருந்தது. ஒஸ்வால்ட் கை நீட்டினார். "தா." நான் கொடுக்கவில்லை. "தாவன் மேபல், பிந்துது." முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சினதில்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ஜூலை 8, செவ்வாய்

எட்டுப் பிள்ளைகளின் ஆறு வீட்டுக்கும் போய் வாயால் சொன்னேன். டாக்டர் துண்டைக் கையில் கொண்டு போனேன். எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன், வாங்கத்தான் வேண்டும்.

அனுஷியா ஏசவே இல்லை. துண்டில் இருந்த திகதியைப் பார்த்தாள். "ஏப்ரல்" என்றாள். "தெரிஞ்சுகொண்டா ஆன்ட்டி என்ர பிள்ளைய ஏத்தினீங்க?"

ஓம் என்றேன். இந்த ஓம் லேசில் வரவில்லை. அவள் கதவைச் சாத்தினாள்.

ஜூலை 13, ஞாயிறு

பொத்தானைப் போடுகிறார், கழற்றுகிறார்.

ஜூலை 19, சனி

பேர்னாட் வந்தான். "அக்கா, உங்களிட்ட லைசன் இருக்கு தானே. கடை வளவுக்குள்ள கஸ்டமர் வாகனமெல்லாம் நீங்கதானே பின்னுக்கு எடுக்கிறீங்க. றோட்டுல ஓட்டினா என்ன?"

"எனக்கு வழி தெரியாதடா. பஸ்ஸில் போய் வாறவள் நான்."

கதிரையில் இருந்த ஒஸ்வால்ட் தலையை நிமிர்த்தினார். "எனக்குத் தெரியும் தானே" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

பெட்டியில் இருந்த என் குரல் எல்லாவற்றையும் அழித்தேன். இனி அவர் குரல். பேர்னாட் வானை ஓட்ட, ஒஸ்வால்ட் முன் சீட்டில் இருந்து சொல்லச் சொல்ல, நான் பின்னால் மைக்கைப் பிடித்தேன். சில நாள் ஒரு சந்திக்கு மூன்று வழி சொல்வார். சில காலை நேரம் தலை தெளிவாக இருக்கும். அப்போது யாரும் அசைக்க முடியாது: எந்த மதிலோரம் தண்ணீர் நிற்கும், எந்தச் சந்தியில் பஸ்காரன் வெட்டுவான், எல்லாம் வரும். தெளிந்த நாளில் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வேகமாகச் செய்ய வேண்டும். தெளிந்த நாட்கள் குறைகின்றன.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வெள்ளவத்தைவரை ஓட்டினேன், பேர்னாட் பக்கத்தில். காலிமுகத்திடல் சுற்றுவட்டத்தில் பின்னால் வந்தவன் எல்லாம் ஹோன் அடித்தான். வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. "மெதுவா மேபல், அவங்க அடிப்பாங்க, அடிக்கட்டும்" என்றது பெட்டி. அதை அவர் எப்போது பதிந்தார்? எனக்கே ஞாபகமில்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

மூன்றாம் தவணை தொடக்கம். ஐந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கவிஷ்கா வரவில்லை. அனுஷியா கடைத்தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளில் பிழை இல்லை.

கடையில் காலை வேலையை விட்டுவிட்டேன். ஒஸ்வால்ட் முன் சீட்டில் இருக்கிறார், அந்தோனியாருக்கும் பெட்டிக்கும் நேரே. ஹோன் மட்டும் அவர் கையால். இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

நவம்பர் 10, திங்கள்

மழை. வெள்ளவத்தையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பினோம். இப்போதெல்லாம் பாதை எனக்கே பாடம், என்றாலும் பெட்டியை நிறுத்துவதில்லை.

முகத்துவாரத் திருப்பத்துக்கு வந்தோம். போகிற வழியில் அந்த ஒழுங்கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன், வருகிற வழியில் விட்டுவைத்திருக்கிறேன். ரொஷானின் தாய் பிளேன்டீ ஊற்றி வைத்திருப்பாள். இவர் கேற்றடியில் நின்று ரொஷான் எங்கே என்று கேட்பார், அவள் சொல்வாள், இவர் "ஆ, அப்படியா" என்று குடித்துவிட்டு வருவார். பிள்ளைகள் இல்லாத வானில் பத்து நிமிஷம் பிந்தினால் யாருக்கு என்ன?

"இதில வலது பக்கம் திருப்பு மேபல். மெதுவா. சரிவு" என்றது பெட்டி.

ஒஸ்வால்ட் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் இந்த ஆள்? நல்லா வழி சொல்றான்."

வைப்பரைக் கொஞ்சம் கூட்டினேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு வான்காரர்" என்றேன். "முப்பது வருஷமா ஓட்டினவர்."

"கெட்டிக்காரன்" என்றார்.

ஓம் என்று சொல்லி வலது பக்கம் திருப்பினேன்.