மூன்று பக்கமாகப் பொங்காத பால்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் நூலகத்தில் மாதாமாதம் நடக்கிற வாசகர் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர்: நூலகர் அம்மா, ஓய்வு பெற்ற தபால்காரர், அங்கன்வாடி டீச்சர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், உன் மகள் ஸ்டெல்லா, நான். ஆள் கணக்கைச் சரியாக எழுதுகிறேன், நடந்ததற்கு இத்தனை பேர் சாட்சி என்று உனக்குத் தெரியட்டும். கூடப்பிறக்காத அக்கா நீ, கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் ஓடிவந்து ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று இத்தனை நாளில் இப்படி நான் துடித்ததில்லை. அந்தப் புதுப் புத்தகத்தின் மை வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. என் அம்மாள் ஆம்பளை.

எனக்குப் பிடித்த எழுத்தாளரை நாம் இரண்டு பேரும் அப்படித்தான் சொல்வோம், என் அம்மாள் என்று. மாதம் ஒரு கொலை செய்கிற உன் எழுத்தாளர், உன் ஆள். திருவாண்டார்கோயில் கம்பெனி வேன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்னை ஒதியம்பட்டு முனையில் இறக்கிவிடும். வேனிலேயே படித்து முடித்த வாரப் பத்திரிகையை நீ என் கையில் திணிப்பாய். நான் விளக்கேற்றிவிட்டுத்தான் பிரிப்பேன். ஐந்தாவதோடு நின்றுபோன நான், அந்தத் தொடர்கதைகளை எழுத்துக்கூட்டித்தானே வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

உன் ஆளை உனக்கு ஏன் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டேன். கடைசிப் பக்கத்தில் தப்பு செய்தவன் கையில் விலங்கு ஏறிவிடுகிறது, கம்பெனியில் அது எங்கே நடக்கிறது என்றாய். என் அம்மாளை எனக்கு ஏன் பிடிக்கும் என்று நீ கேட்கவே இல்லை. உனக்கு வேறு கவலை. ஒரு நாவலில் மருமகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று மூன்று பக்கத்துக்குப் பழசை நினைப்பாள். அதைப் படித்த அன்றைக்கே நீ தீர்ப்பு எழுதிவிட்டாய்.

“பொம்பள எழுதியிருந்தா இந்நேரம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கும்டி. இது ஆம்பள. எழுதி வச்சுக்கோ.”

எழுதி வைத்தேன். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நான் புத்தகக் கணக்கு வைப்பது உனக்குத் தெரியும். என்ன படித்தேன், எந்தத் தேதியில் முடித்தேன், நீ என்ன குறை சொன்னாய், எல்லாம் அதில் இருக்கிறது. அம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று பத்திரிகையில் வந்தபோது ஆடி வெள்ளிக்கு அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், தெரியவில்லை. தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குங்குமம் வாங்கி வந்தேன். நீ வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“ஆம்பளைக்குத் தாலி பாக்கியமா? உங்க அம்மனே சிரிக்கும்டி.”

அப்புறம் இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ‘எனக்குப் பிடித்த எழுத்தாளர், ஏன்?’ என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச வேண்டும். பத்துப் பேருக்கு முன்னால் நின்று நான் எந்நாளும் பேசியதில்லை. நாலு பக்கம் எழுதி, கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அதன் முதல் வரியே ‘ஒரு பெண்ணால் மட்டுமே இப்படி எழுத முடியும்’ என்பதுதான். என் முறை வருகிற நேரத்தில் தபால்காரர் பையிலிருந்து அம்மாளின் புத்தகம் ஒன்றை எடுத்தார், புதுப் பதிப்பு. ஆசையாக வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பினேன். பின்அட்டையில் தடித்த கண்ணாடியும் மீசையுமாக ஒருவர். அவர்தான் எழுதியவர் என்றும், மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார் என்றும் கீழே போட்டிருந்தது. நூலகர் அம்மா அதை உரக்கப் படித்தார். கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இருபத்தாறு வருஷமாகப் படிக்கிறேன், அக்கா. யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒரு பெண்பிள்ளையிடம் சொல்வதுபோல அந்தப் பக்கங்களிடம் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் பொய்யா? வேண்டுமானால் அடுத்த மாதம் பேசலாம் என்று நூலகர் அம்மா என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார். அந்த இரக்கம்தான் என்னை எழுப்பி நிறுத்தியது. நாலு பக்கத்தையும் மடித்து முந்தானையில் செருகிக்கொண்டேன். கையில் ஒன்றுமில்லை. அதனால் உன்னிடமிருந்து தொடங்கினேன்.

பால் சண்டையைச் சொன்னேன், சிரித்தார்கள். அர்ச்சனையைச் சொன்னேன், தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பேரு அவரு சம்சாரத்தோடதுன்னா, வேண்டுதல் சரியான விலாசத்துக்குத்தாம்மா போயிருக்குது” என்றார். முப்பது வருஷம் கடிதம் சேர்ப்பித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிறகு, நீ கேட்காமல் போனதைச் சொன்னேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பதினோரு பேர். எல்லோரும் எழுந்த பிறகு கடைசியாக நான் உட்காருவேன். அம்மாளின் முதல் கதையில் ஒருத்தி அப்படித்தான் உட்காருகிறாள். குழம்புச் சட்டியைச் சாய்க்கிறாள், ஒன்றரைக் கரண்டி வருகிறது, அந்த அரைக் கரண்டியை எடுத்து நாளைக் காலைக்கு என்று மூடி வைக்கிறாள். கதை அவ்வளவுதான். அதைப் படித்த மத்தியானம் நான் வாய்விட்டு அழுதேன். என் தட்டில் என்ன விழுகிறது என்று பெற்ற அம்மாகூடக் கேட்டதில்லை. எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் கரண்டிக் கணக்கோடு எழுதியிருந்தார்.

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே பிடிபட்டது. பெண் எழுதியிருந்தால் அது அவள் பட்டது. ஆண் எழுதியிருந்தால், அவர் சாப்பிட்டு எழுந்து போய்விடாமல், அந்த வீட்டுப் பெண் சாப்பிடும்வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பாலைப் பார்க்கவில்லை, போகட்டும். தட்டைப் பார்த்திருக்கிறார். எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அங்கன்வாடி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சந்தோஷக் கடிதம். நூலகப் படியில் செருப்பைப் போடும்போது ஸ்டெல்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

“சித்தி, கோச்சுக்காத. அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்.”

உன் வேதாகமத்துக்குள் இருந்ததாம். மடித்து மடித்து மஞ்சளாகிப்போன ஒரு பத்திரிகைத் தாள். என் எழுத்தாளரின் பேட்டி, பக்கத்தில் அவர் படம், அதே மீசை. அம்மா யாரிடமும் காட்டக் கூடாது என்று சொன்னதாகவும், கொடுக்கலாமா என்று யோசித்தபடி அன்றைக்குப் பையில் எடுத்து வந்ததாகவும், இனி மறைக்க ஒன்றுமில்லை என்றும் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு ஓடிவந்து நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமையில் என் கையெழுத்து: ‘பத்திரிகையின் நடுவில் ஒரு தாள் இல்லை. கேட்டதற்கு, எலுமிச்சை ஊறுகாய்க் குறிப்பு இருந்தது, வெட்டிக்கொண்டேன் என்றாள்.’ அதற்கடுத்த ஆடியில்தான் அர்ச்சனை. தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறாய். அதற்குப் பிறகும் எத்தனை வெள்ளிக்கிழமை, “ஆம்பளதாண்டி, பந்தயம் வை” என்று வேன் படியிலிருந்தே கத்திக்கொண்டு இறங்கியிருக்கிறாய். வேதாகமத்தைத் திறந்து ஒரு தாளை நீட்டினால் ஜெயித்திருப்பாய். நீட்டவில்லை.

அந்தத் தாளைப் பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உன் ஆளின் நாவல் இரண்டை எடுத்து வந்துவிட்டேன், அடுத்த மாதம் அவரைப் பற்றி உன் சார்பில் நான்தான் பேசப்போகிறேன். பேசியதை எழுதிக் கொடுங்கள், சுவரில் ஒட்டுகிறோம் என்று நூலகர் அம்மா கேட்டிருக்கிறார். எல்லாம் எழுதிவிட்டேன். நீ தாளை வெட்டி எடுத்தது ஏன் என்கிற ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது.

என் மனசு நோகக்கூடாது என்று மறைத்தாயா? நம் சண்டை தீர்ந்துவிடக்கூடாது என்று மறைத்தாயா? இரண்டில் எதுவென்றாலும் எனக்குச் சம்மதம், ஆனால் நானாக எழுத மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்குள் கனவிலாவது வந்து பதில் சொல், அக்கா.