மூன்றாம் ஓலை

தாராவி, பம்பாய்
1964 ஜனவரி 12, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

இது உங்கள் கையில் சேரும்போது நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நானும் எப்சிபாவும் கர்த்தர் வைத்தபடி இருக்கிறோம். இங்கே பனி இறங்கிவிட்டது. காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்தால் கை விறைத்துப்போகிறது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கரீம் பாட்சா கடைக்கு வந்தது. அவருடைய தையல் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து நின்று வாசித்தேன். ஒரு வருஷமாகச் சோதித்ததில் உடம்பில் ஒரு கிருமியும் இல்லையென்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார் என்ற வரியை நாலு தடவை வாசித்தேன். மூன்றரை வருஷமாக நாம் இரண்டு பேரும் கேட்டது இதைத்தானே. பிலாயிலிருந்து நல்ல சேதியா என்று பாட்சா கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் உட்கார்ந்து, விட்ட காஜாவை எடுத்து முடித்தேன்.

எப்சிபா கலியாணக் காரியம் போன கடிதத்தில் எழுதினேன். அது கூடிவந்துவிட்டது. சுனாபட்டியில் கருப்புக்கட்டி வியாபாரம் செய்கிற பெரியநாயகம் அவர்களின் மகன் அருமைராஜ். முலுண்டில் ஒரு கம்பெனியில் கிளார்க். அமைதியான பிள்ளை. எப்சிபா டைப் அடிக்கப் போகிற மாட்டுங்கா ஆபீசுக்குப் பக்கத்தில்தான் முன்பு வேலை பார்த்தானாம். அவளுக்கும் பிடித்திருக்கிறது. வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் சோறு வடிக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். கோயிலில் கலியாணம் வைக்காத லெந்து நோன்புக்காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று பிப்ரவரி ஐந்தாம் தேதி குறித்திருக்கிறார்கள். கலியாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டுமே, இன்றைக்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். தாராவி மாசிலாமணியின் குமாரத்தி எப்சிபா என்று போதகர் ஐயர் உங்கள் பெயரை வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு நீங்கள் பிலாய் இரும்பாலையில் வேலையாக இருப்பதாகத்தான் தெரியும். தெருவுக்கும் கோயிலுக்கும் அதைத்தானே சொல்லிவைத்திருக்கிறோம். குஷ்டரோக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வேன். உங்களுக்குச் சுகமானதை நான் நம்புகிறேன். ஆனால் சர்ட்டிபிகேட் உங்கள் பையில் இருக்கும். மடங்கிப்போன இரண்டு விரலும், உதிர்ந்த புருவமும் எல்லார் கண்ணிலும் படும். கலியாணத்துக்கு வரவேண்டாம் அத்தான். முடிந்து ஒரு மாதம் போகட்டும். எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டென்று வேதமே சொல்கிறது. அந்த வசனத்தைத்தான் இந்த மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி என்னைத் திடப்படுத்திக்கொள்கிறேன். ஐயரின் தம்பி உங்கள் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போகும்போது குறித்துக்கொடுத்தபடியே நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். அங்கே நீங்கள் வாசிக்கிற அதே காலை ஐந்தரை மணிக்குத்தான் இங்கே நானும். முழு வேதத்தையும் ஒரு சுற்று முடித்து இரண்டாம் சுற்றில் எண்ணாகமத்துக்கு வந்துவிட்டோம் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மறைக்கமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லேவியராகமத்தில் அந்த வியாதியைப் பற்றிய அதிகாரம் வந்தது. அன்றைக்கு நான் வேதத்தை மூடிவிட்டு, மறுநாள் அடுத்ததற்குப் போய்விட்டேன். நீங்களோ அதை வார்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எப்படி முடிந்தது.

பிள்ளைக்காக இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்
ஞானவடிவு

*

தாராவி, பம்பாய்
1964 ஜனவரி 28, செவ்வாய்

அன்பான அத்தானுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் பதில் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. நீங்கள் கோபப்பட்டு எழுதியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "நீ சொல்லுவதே சரி, நான் வரவில்லை" என்று எழுதி, எப்சிபாவுக்கு ஆசீர்வாதம் எழுதி, அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளுக்குச் செருப்புத் தைக்கிற வேலை தருகிறார்கள், தோல் கிடங்கில் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும், ஏற்றுக்கொண்டால் நீயும் ஒருவருக்கும் பயப்படாமல் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதம் என்று நான் எழுதினேன். நீங்கள் அதை ஆயுசுக்கும் என்று வாசித்துவிட்டீர்கள். நீங்கள் வாசித்தது தப்பில்லையோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரம். நீங்களும் அன்றைக்கு அதைத்தானே வாசித்திருப்பீர்கள். மோசேயின் அக்காள் மிரியாமுக்கு அந்த வியாதி வந்து, ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே வைக்கிறார்கள். முதல் சுற்றில் இதை வாசித்திருக்கிறேன், சிறு வயதில் ஞாயிறு பள்ளியிலும் படித்திருக்கிறேன். அவள் செய்த குற்றம் ஞாபகம் இருந்தது, தண்டனை ஞாபகம் இருந்தது. கடைசியில் ஒரு வரி இருக்கிறது அத்தான். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை ஜனங்கள் ஒருவரும் பிரயாணப்படவில்லை. அத்தனை ஆயிரம் பேரும், பிள்ளைகளும் ஆடுமாடுகளும், கூடாரத்தைக் கழற்றாமல் அந்த ஒருத்திக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு வயதில்தான் என் கண்ணுக்கு அது தெரிந்தது. நானோ உங்களை வெளியே விட்டுவிட்டுக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் காலம் உண்டு என்ற வசனத்தை என் பயத்துக்குப் போர்வையாக எடுத்திருந்தேன். தேற்றிக்கொள்வதற்கும் ஒளிந்துகொள்வதற்கும் ஒரே வசனம் உதவுமென்று இத்தனை காலம் வாசித்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

எப்சிபாவிடம் கேட்காமல்தான் போனேன். அது என் தவறு. கேட்டால் வேண்டாம் என்பாள், அவள் வேண்டாம் என்றால் நான் நின்றுவிடுவேன் என்று தெரியும். புதன்கிழமை பாட்சாவிடம் அரை நாள் சொல்லிவிட்டுச் சுனாபட்டிக்கு ரயிலேறினேன். பெரியநாயகம் அவர்கள் வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தி" என்றார். அவர் மனைவி தங்கபுஷ்பம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அருமைராஜும் அன்றைக்கு வீட்டில் இருந்தான். நான் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். நேரம் போனால் சொல்லமாட்டேன் என்று பயம். பிலாய் இல்லை, குஷ்டரோக ஆஸ்பத்திரி, மூன்றரை வருஷம், இப்போது முழுச் சுகம், கலியாணத்துக்கு அவரைக் கூப்பிடப் போகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன்.

தங்கபுஷ்பம், "பிள்ளைக்கு உண்டுமா? டாக்டர்ட்ட காமிச்சியளா?" என்று கேட்டாள். வருஷாவருஷம் வடாலா ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன், அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

பெரியநாயகம் அவர்கள், "ஜெபம் பண்ணிட்டுப் பேசுவோம்" என்றார். எல்லாரும் முழங்கால்படியிட்டோம். அத்தான், அவர் உங்களுக்காக எவ்வளவு உருக்கமாக ஜெபித்தார் தெரியுமா. உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் கையைச் சொல்லி, காலைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேரையும் சொல்லி அழுது ஜெபித்தார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. காரியம் ஜெயமாகிவிட்டது என்றே நினைத்தேன். ஆமென் சொல்லி எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாருங்கம்மா, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா இது நடக்காது. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். சம்பந்தி என்ற வார்த்தை போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன். வெளியே ஒருவரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பத்து நாளுக்கு முன் நானும் அதே பயத்தில்தானே உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

அருமைராஜ் ஸ்டேஷன்வரைக்கும் கூடவே வந்தான். வண்டி வருகிற சமயத்தில், "அப்பாவ மீற என்னால முடியாது அத்தை. எப்சிபாட்ட நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். நானே சொல்கிறேன் என்றேன். அவன் முகம் தெளிந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "ரெண்டு வாரம் பொறுத்திருக்கப்படாதாம்மா? அப்பா மூணரை வருஷம் பொறுத்தாங்கல்லா. உங்களுக்கு ரெண்டு வாரம் முடியலையா?" என்று கேட்டாள். மறைத்து முடித்திருந்தால் அந்த வீட்டில் ஆயுசு முழுக்க நீ பயந்துகொண்டே இருந்திருப்பாய் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்தான். ஆனால் நான் போனது அவளுக்காக அல்ல, உங்களுக்காக. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றையிலிருந்து ஆபீஸுக்குப் போகிறாள், வருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பாட்டு இல்லை. கலியாணப் புடவையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எப்சிபாவின் மூன்றாம் ஓலை வாசித்திருக்கவேண்டும், பெரியநாயகம் அவர்கள் நிறுத்தச் சொல்லியனுப்பிவிட்டார். அன்றைக்குக் குடியரசு தினம் என்று பிள்ளைகள் எல்லாரும் சட்டையில் கொடி குத்திக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தார்கள். ஐயர் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்துவிட்டுப் பாட்டு எண் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்சிபா பாட்டுப் புத்தகத்தை விரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் பாடினாள். நான் பாடவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போய் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லிக்கொண்டே மூன்று வருஷம் இராப்போஜனம் எடுத்ததையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நீங்கள் வந்தால் இராப்போஜன ரசத்தைச் சபையார் உங்களோடு ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணத் தயங்குவார்கள், அதனால் உங்களுக்குக் கடைசியில் கொடுப்பதுதான் நல்லது, அம்மா தப்பாக நினைக்கக்கூடாது என்றார். கடைசியில் என்றாலும் சரி, உங்கள் பக்கத்தில் நானும் கடைசியில் முழங்கால்படியிடுகிறேன் என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வாயில் அப்படி வந்துவிட்டது.

எப்படியோ தெருவுக்கும் தெரிந்துவிட்டது. குழாயடியில் ஒருவரும் சண்டை போடவில்லை. நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள், நான் பிடித்து முடிந்த பிறகு குழாயைக் கழுவுகிறார்கள். பாட்சாவிடம் நேற்று நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும்போல என்னைச் சகோதரி என்றே கூப்பிட்டு, "பஹேன், கடையில உக்காந்து தைக்க வேணாம். கஸ்டமர் ஒரு மாதிரி. வீட்டுக்கே கொடுத்தனுப்புறேன்" என்றார். அது இரக்கமா ஒதுக்கமா என்று நான் ஆராயவில்லை. இன்றைக்குக் காலை இருபது சட்டை வந்தது. வீட்டில் உட்கார்ந்து காஜா எடுக்கிறேன். ஒவ்வொரு காஜாவுக்கும் ஒரு வசனம் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். சில சமயம் மனசு தேறுகிறது. சில சமயம் வாய் மட்டும் சொல்கிறது, கை மட்டும் தைக்கிறது. அப்படியும் சொல்வதை நிறுத்தவில்லை. இனிமேல் கடை விலாசத்துக்கு எழுதவேண்டாம். வீட்டுக்கே எழுதுங்கள்.

இதையெல்லாம் எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னால்தானே பிள்ளையின் கலியாணம் நின்றது, நான் எந்த முகத்தோடு அங்கே வருவேன் என்று நினைப்பீர்கள். செருப்புத் தைக்கிற வேலைக்குச் சம்மதம் சொல்லிவிடுவீர்கள். இன்னும் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சொல்லியிருந்தால் திரும்பப் போய் இல்லையென்று சொல்லுங்கள். அவள் கலியாணத்தை இழந்துவிட்டாள். அதற்குப் பிறகும் அவளுடைய அப்பா வராமல் போனால், நான் சுனாபட்டிக்குப் போய்ச் செய்துவிட்டு வந்தது என்ன.

உங்களிடம் ஒன்றும் மறைத்துக் கூப்பிடவில்லை. எப்சிபா உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவாள் என்று நான் வாக்குக் கொடுக்கமுடியாது. பேசாவிட்டால் நீங்கள் அதைத் தாங்கவேண்டியிருக்கும். தெருவில் உங்களைக் கண்டு ஒருவரும் சந்தோஷப்படப் போவதில்லை. ஒரே அறை, அதே ஒழுகுகிற கூரை, கோயிலில் கடைசி இடம். இவ்வளவுதான் இங்கே இருக்கிறது. இதற்குத்தான் வரச் சொல்கிறேன்.

மெயில் வண்டியில் வந்தால் தாதரில் இறங்கிவிடுங்கள். எந்த நாள் என்று ஒரு கார்டு போடுங்கள். திறந்த கார்டே போதும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார் என்று எல்லாரும் கடிதத்தை முடிப்பார்கள். உங்கள் போக்கை நான் அன்றைக்குப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துவிட்டேன். உங்கள் வரத்தை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞானவடிவு