சூரியகாந்திப் படத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழு கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மறைமலைநகரில் கூடி ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. சங்கக் கூட்டங்களில் தரப்படும் மசால் வடை இனிமேல் செய்தித்தாளில் வைத்துத் தரப்படமாட்டாது. பாக்குமட்டைத் தட்டில் வைத்துத் தரப்படும். அச்சு மை உடம்புக்குள் போய் என்னவெல்லாம் செய்யும் என்பதைத் தலைவர் நீண்ட நேரம் விளக்கினார். மக்கள் தாங்கள் தின்பது இன்னதென்று தெரிந்து தின்ன வேண்டும், அது அவர்களுடைய உரிமை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பொருளாளர் தட்டின் விலையைக் கேட்டதாகவும், பிறகு அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் பதிவாகியிருக்கிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பிறகு வடை வந்தது. தட்டிலேயே வந்தது. அதிலிருந்து கிளம்பிய எண்ணெய் வாசனை எனக்குப் பழக்கமானது. தலைவர் மொத்த வியாபாரம் செய்யும் எண்ணெய் அது. பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க ஒரு சூரியகாந்திப் பூ விரிந்திருக்கும். நீ இருந்திருந்தால் வடையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "மச்சான், இதுல படம் மட்டும்தான் சூரியகாந்தி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொல்லியிருப்பாய். நீ இல்லை. அதனால் வடையைத் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே கம்பெனி பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தலை நரைத்தவர்கள். நான் ஆவணப் பிரிவு. விதிகளைப் படித்துக் கோப்பில் வைப்பது என் வேலை. நீ தர ஆய்வு. கார் பிரேக்குக்குப் போகிற சின்னத் துண்டை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சைச் சீட்டு, தவறென்றால் சிவப்புச் சீட்டு, சந்தேகமென்றால் மஞ்சள் சீட்டு கட்டுவாய். சீட்டு இல்லாத பொருள் உன் மேசையைத் தாண்டிப் போனதில்லை. ஒருநாள் உன் சாப்பாட்டு டப்பாவில் மஞ்சள் சீட்டு தொங்கியது. "இன்னாடா இது" என்று கேட்டேன். "நேத்து வச்ச கொழம்பு மச்சான். சந்தேகம் கீது" என்றாய். பிறகு அதைத் தின்றாய் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிற நாளில் மற்றவர்கள் எதையாவது மூடி மறைத்துக்கொண்டிருப்பார்கள். நீ வந்தவரை நேராக அழைத்துப்போய், உன் பிரிவில் பழுதாகிக் கிடக்கும் கருவியை நீயே காட்டுவாய். "நம்ம தப்ப நாமளே மொதல்ல சொல்லிடணும் மச்சான். நாம சொன்னா அது திருத்தம். அவன் கண்டுபுடிச்சா அது குத்தம்." தணிக்கையாளர்கள் மகிழ்ந்துபோய் உனக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்கள். தொழிற்சாலைக்குள் அந்த வழி நன்றாக வேலை செய்தது. தொழிற்சாலைக்கு வெளியேயும் அது செல்லும் என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கைதான் உன்னைக் கொன்றது என்று நான் சொன்னால் மருத்துவர் ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு சீட்டுதான்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் வேர்க்கடலை எண்ணெய் ஆட்டுகிற கடை போட்டாய். மெஷின் பழையது, இன்னொருவர் ஓட்டியது. எண்ணெய் நன்றாக இருந்தது. அச்சரப்பாக்கத்தில் தொடங்கிய வியாபாரம் கடற்கரை வரை போனது. திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி உன்னிடம் மாதாமாதம் வாங்கத் தொடங்கியது. ஒரு தடவை லோடு ஆட்டோவில் டின்களுக்கு நடுவே என்னையும் உட்கார வைத்துக் கூட்டிப்போனாய். அங்கேதான் அந்த விடுதியின் சமையலறை மேலாளர் உன்னிடம் அதைக் கேட்டார்.

"கெஸ்ட்டுங்கல்லாம் இது மரபணு மாத்துன பயிரா, மாத்தாததான்னு கேக்குறாங்க சார். மாத்தாததுன்னு பாட்டில் மேல எழுதிக் குடுங்களேன்."

"வேர்க்கடலைல அந்த மாதிரி இங்க கெடையவே கெடையாதே சார்."

"கெடையாதுல்ல? அப்ப எழுதுறதுக்கு இன்னா?"

நீ யோசித்தாய். தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அடுத்த வாரமே பாட்டில்களில் சீட்டு ஒட்டியிருந்தது, பச்சை என்று சொல்லவே வேண்டாம்: "மரபணு மாற்றப்பட்ட பயிரிலிருந்து எடுக்கப்படாதது." தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து.

இங்கே சட்டத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்; உனக்குத் தெரியும், ஆனாலும் எனக்கு அதைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நம் நாட்டு வயல்களில் சட்டப்படி பரவலாக விளைகிற மரபணு மாற்றப் பயிர் பருத்தி. பருத்தியை யாரும் தின்பதில்லை, உடுத்துகிறார்கள். ஆகவே கவலை இல்லை. பருத்திக்குக் கொட்டை உண்டு, கொட்டையை ஆட்டினால் எண்ணெய் வரும், எண்ணெயில் வடை போடலாம் என்பதெல்லாம் வேறு துறையைச் சேர்ந்த விஷயங்கள். மரபணு மாற்றப்பட்டது உள்ளே இருந்தால் பாக்கெட்டில் சொல்ல வேண்டும் என்ற விதி வரைவாக இருக்கிறது, கருத்துக் கேட்டிருக்கிறார்கள், கருத்துச் சொன்னவர்கள் காத்திருக்கிறார்கள். இருப்பதைச் சொல்லாதவனைக் கேட்க இன்னும் விதி வரவில்லை. இல்லாததை இல்லை என்று சொன்னவனைப் பிடிக்க மட்டும் விதி தயாராக இருந்தது.

அந்த விடுதி உன்னிடம் வருவதற்கு முன் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தது எங்கள் தலைவரிடம். வியாபாரம் கைவிட்டுப் போன மாதத்திலேயே உன்மேல் ஒரு புகார் போனது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் அன்றைக்கு உன் கடையில் இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போயிருந்தார். ஒரு பாட்டிலை மாதிரிக்கு எடுத்து, அரக்கு வைத்து, கிளம்ப எழுந்தார். அவ்வளவில் முடிந்திருக்கும். நீ அவரை வழிமறித்தாய்.

"சார், ஒண்ணு சொல்லணும். இந்த மெஷின்ல எனக்கு முன்னாடி பருத்திக்கொட்ட ஆட்டிகினு இருந்தாங்க. நான் முழுசா கழட்டிக் கழுவிட்டுதான் ஆரம்பிச்சேன். மொத ஆட்டத்த கீழ ஊத்திட்டேன். ஆனாலும் எங்கனா இடுக்குல கொஞ்சம் இருந்திருக்கலாம். எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தபடி உன்னைப் பார்த்தார். "நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சார்."

உள்ளேயிருந்து உன் மனைவியின் குரல் வந்தது: "இந்த மனுசனுக்கு வாய் சும்மாவே இருக்காது."

அதிகாரி எழுதிக்கொண்டார். மதிப்பெண் போடவில்லை. நீ பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்க முயற்சி செய்ததே இல்லை.

ஆய்வில் உன் எண்ணெயில் எந்தக் குறையும் இல்லை. சீட்டுதான் குறை. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விவரச்சீட்டு என்று உத்தரவு வந்தது. ஆதாரம், நீ உன் வாயால் சொன்னது. அபராதம் கட்டினாய். அதோடு விட்டிருக்கலாம். அந்த உத்தரவைப் படமெடுத்து, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை இருக்கிற எல்லா வாட்ஸப் குழுவுக்கும் ஒருவர் அனுப்பினார். "கலப்படகாரர்களிடம் எச்சரிக்கயாக இருங்கள்" என்று தலைப்பு. எங்கள் குழுவுக்கு அதைத் தலைவரே அனுப்பினார்; மற்ற குழுக்களுக்கும் அவர்தான் என்பதை அவரே பிறகு மகிழ்ச்சியோடு சொன்னார். கடைத்தெருவில் உன்னைக் கலப்படம் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். விடுதி மறுபடி சூரியகாந்திப் பூவுக்குப் போய்விட்டது.

"துட்டு போவட்டும் மச்சான்" என்றாய். "பேருக்கு செவப்புச் சீட்டு கட்டிட்டானுங்களே. அத எங்க போயி அவுக்குறது?" அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

உன் சாவுக்குத் தலைவர் மாலையோடு வந்தார். பெரிய மாலை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நல்ல மனுஷன் சார். கொஞ்சம் வெவரம் பத்தாது" என்றார். நான் ஆமாம் என்றேன். எனக்குப் பழிவாங்கும் குணம் கிடையாது என்று அன்றைக்குப் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் நம்பினார்கள். அது வசதியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய எண்ணெய் பாக்கெட் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தேன். முன்பக்கம் பூ. பூவுக்குக் கீழே, பாக்கெட்டை மடித்து ஒட்டுகிற இடத்தில், தூசி மாதிரி ஒரு வரி. உருப்பெருக்கி வைத்துப் படித்தேன். கலப்பு எண்ணெய் என்று போட்டிருந்தது. அதில் பெரும்பங்கு பருத்திக்கொட்டை, மீதி சூரியகாந்தி. அவர் பொய் சொல்லவில்லை. உன்னைப் போலவே உண்மையைத்தான் சொல்லியிருந்தார். நீ எல்லோருக்கும் தெரியும்படி சொன்னாய், அவர் யாருக்கும் தெரியாதபடி சொன்னார். ஆனால் கலப்பு எண்ணெய் என்றால் எது எவ்வளவு என்பதை எத்தனை பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. அது வரைவு அல்ல. ஆவணப் பிரிவில் நரைத்தவனுக்கு அதைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலையா?

முதலில் உன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். கடையை அவள் விடவில்லை. பதிவைத் தன் பெயருக்கு மாற்றி, உன் பெயர் இருந்த பலகையை எடுத்துவிட்டு, அதே மெஷினில் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாட்டிலுக்குச் சீட்டு அச்சடிக்க வசதியில்லை; மார்க்கர் பேனாவால் அவளே எழுதி ஒட்டினாள். பெயர் கெட்ட கடைக்கு மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு இருந்த ஒரே வருமானம் அது.

"வாணாம் அண்ணே" என்றாள். "ஆபீஸ்ல போயி ஒருத்தன காட்டிக் குடுத்தா அவங்க தெருவையே பாத்துட்டுதான் போவாங்க."

"சட்டம் எல்லாருக்கும் பொதும்மா."

"அதானே பயமே." பாட்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உங்க ஃப்ரெண்டு உண்மைய சொல்லி மாட்னாரு. நீங்க சும்மா கெடக்குறத சொறிஞ்சி மாட்டுறீங்க."

நான் புகார் கொடுத்தேன். பதில் வரவில்லை, நினைவூட்டல் கொடுத்தேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் கொடுத்தேன். அளவுகோல் வைத்து எடுத்த படங்களை இணைத்தேன். கடைசியில் செங்கல்பட்டில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"சார், நீங்களா? எழுத்து சின்னதா இருக்குன்னா இவ்ளோ தூரம் வந்தீங்க? கூப்ட்டு சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே."

"என் நண்பரையும் நீங்க கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. எவ்வளவோ நல்ல புத்தகங்கள் படித்திருக்கிறேன். எதுவும் அந்த நிமிடத்தைப் போல என்னை நிறைத்ததில்லை.

போன மாதம் உத்தரவு வந்தது. உன் உத்தரவில் இருந்த அதே சொற்கள்: நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விவரச்சீட்டு. அதைப் படமெடுத்து எங்கள் சங்கக் குழுவுக்கு அனுப்பினேன். தலைப்புக்கு நான் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. உனக்கு அவர் போட்ட தலைப்பையே எடுத்துப் போட்டேன், எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்தாமல். அப்போது அவர் பால் வாங்கிக்கொண்டு என் வாசலைக் கடந்துகொண்டிருந்தார். பையிலிருந்து செல்பேசியை எடுத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன்.

அவர் அன்றைக்கே அபராதம் கட்டிவிட்டார். புதிய பாக்கெட்டில் பருத்திக்கொட்டை என்ற சொல் படிக்கிற அளவில் இருக்கிறது. பூவும் இருக்கிறது. தலைவர் பதவியும் இருக்கிறது. இப்போது மக்கள் தெரிந்து தின்ன வேண்டும் என்பதில் எங்கள் வட்டாரத்திலேயே அவர்தான் தீவிரமானவர்.

மன்னிப்பைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். படித்திருக்கிறேன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. கையில் பால் பையோடு அவர் நிமிர்ந்து பார்த்த அந்த முகத்தை வைத்திருக்கிறேன். தூக்கம் வராத நாட்களில் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் பழசாகவில்லை. அவருக்கு இன்னொரு முறை வியாபாரத்தில் எழுத்து சிறுத்தால், அதைப் படிக்க நான் இருப்பேன்.

என் புகாரில் நியாயம் இருப்பதாகக் கருதிய அலுவலகம், எண்ணெய் விற்கும் எல்லாக் கடைகளிலும் விவரச்சீட்டு எழுத்தின் அளவைச் சோதிக்க உத்தரவிட்டது. அச்சரப்பாக்கம் கடைத்தெருவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். கையால் எழுதி ஒட்டிய சீட்டு செல்லாது என்று உன் மனைவியின் கடைப் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அவள் இப்போது மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்டு பார்க்கிறாள்.